கடத்தைத் தொட்ட கை

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல எல்லோருக்கும் வாய் வரும். காப்பாற்றவே வழியில்லாத ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு விமான நிலையத்தில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். கோமதிநாயகம் அப்படித்தான் நின்றார். அவர் வழக்கை உங்கள் முன் வைக்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

கோமதிநாயகம் கடம் வாசிப்பவர். திருநெல்வேலிக்காரர். ஐம்பது வயதுவரை கடல் தாண்டியதில்லை. அவருடைய கூட்டாளி பாண்டித்துரைக்கும் கடம்தான் தொழில்; அவரோ பதினோரு தடவை வெளிநாடு போய் வாசித்துவிட்டு வந்தவர். ஒரு காலத்தில் ஒரே இலையில் சாப்பிட்டவர்கள் இருவரும். ஒரு கச்சேரியில் யார் உட்காருவது என்ற அற்ப விஷயத்தில் முறுக்கிக்கொண்டார்கள். அதோடு ஒன்பது வருஷம் பேச்சே இல்லை.

இந்த மாதம் கோலாலம்பூரில் பாண்டித்துரைக்கு ஒரு கச்சேரி இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். பதிலுக்கு யார் என்று கேட்டவர்களிடம் அவரே கோமதிநாயகத்தின் பெயரைச் சொன்னார். தன் கடத்தையும் கொடுக்க முன்வந்தார். மிருதங்கத்தைத் தட்டிச் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். கடம் சூளையிலிருந்து எந்தச் சுருதியோடு வெளியே வந்ததோ, ஏறக்குறைய அதுதான் கடைசிவரை. அந்தக் கச்சேரியில் பாடவிருந்த பாடகியின் சுருதிக்கு ஒத்த பானை பாண்டித்துரையிடம்தான் இருந்தது.

தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கடத்தைக் கொடுக்கும்போது பாண்டித்துரை கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. கடம் இருந்த பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டே, "உன் கையைத் தவிர வேற எவன் கையும் இதுல படக்கூடாது, பாத்துக்கோ" என்றார். சொல்லிவிட்டும் பெட்டியிலிருந்து கையை உடனே எடுக்கவில்லை.

"சத்தியமாப் படாது" என்றார் கோமதிநாயகம். நீட்டிய கையை எங்கே மடக்கிக்கொண்டுவிடுவாரோ என்ற பயத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார். பெட்டி முழுக்கப் பழைய விமான நிலைய ஒட்டுச்சீட்டுகள் பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தன.

சென்னை விமான நிலையத்தில் வழக்கு ஆரம்பமாகிறது. சரக்கோடு போட்டால் ஓடுதான் மிஞ்சும் என்பதால் பெட்டியைக் கையோடு கொண்டுபோனார். சோதனை இயந்திரத்தின் திரையில் பானை கன்னங்கரேலென்று தெரிந்தது. மண்ணோடு உலோகத்தூளும் சேர்த்துப் பிசைந்த பானை அது. உள்ளே என்ன இருக்கிறதென்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. சோதனை அதிகாரி பிலோமினா பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்தார்.

"உள்ளே கைவிட்டுப் பார்க்கணும் சார்."

"நானே எடுத்துக் காட்டுதேன் மேடம். வெறும் பானைதான்."

"நீங்க தொடக்கூடாது சார். சோதனை முடியற வரைக்கும் பயணி கை அதுல படக்கூடாது. அதுதான் விதி. வேணாம்னா நீங்க திரும்பிப் போகலாம்."

தன் கையைத் தவிர வேறு கை படக்கூடாது என்பது வாக்கு. தன் கை மட்டும் படக்கூடாது என்பது விதி. கோமதிநாயகம் கைபேசியை எடுத்துப் பாண்டித்துரையை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கச்சேரி போனால் இன்னொன்று வரும். ஒன்பது வருஷம் கழித்து வீட்டுக்குக் கூப்பிட்ட கூட்டாளி இன்னொரு தடவை கூப்பிடுவானா?

"நான் திரும்பிப் போயிருதேன்" என்றார்.

உடன் வந்த வயலின் கலைஞர் வைதேகி பதறிப்போனார். "என்னண்ணா இது! அங்கே முந்நூறு பேர் வந்து உட்காரப் போறாங்க. வர்றேன்னு அவங்களுக்கும்தானே வாக்குக் கொடுத்திருக்கீங்க?" பதிலுக்குக் காத்திராமல் பிலோமினாவிடம், "நீங்க பாருங்க மேடம், இவருக்குச் சம்மதம்தான்" என்றார்.

பிலோமினா கோமதிநாயகத்தைப் பார்த்தார். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பிலோமினா தன் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். கையுறை மாட்டினார். பானைக்குள் கைவிட்டு மெல்லத் துழாவிவிட்டு, "ஒண்ணுமில்ல, போகலாம் சார்" என்றார்.

கோலாலம்பூரில் மேடையேறும் முன் கோமதிநாயகம் மறுபடியும் கைபேசியை எடுத்தார். "சொல்லாட்டி அவருக்கு எப்படித் தெரியும்?" என்று வைதேகி தடுத்தும் கேட்கவில்லை. பாண்டித்துரை இந்தத் தடவை எடுத்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார் கோமதிநாயகம். அதற்கு அவர் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன்.

இனி நீங்கள் சொல்லுங்கள். வாக்கு உடைந்ததா, இல்லையா? வாயடைத்து நின்ற கோமதிநாயகம், அவருக்காகச் சம்மதம் சொன்ன வைதேகி, கைவிட்டுப் பார்த்த பிலோமினா: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வாக்கு உடையவில்லை. பதினோரு தடவை அந்தப் பானையோடு பறந்தவருக்கு, சோதனைக்காரர் கை படாமல் அது விமானம் ஏறாது என்பது தெரியாதா? தெரிந்தேதான் அப்படிக் கேட்டார். ஆகவே பிலோமினா செய்தது முழுக்கச் சரி. வைதேகியின் அவசரம் நியாயமானது. ஆனால் அடுத்தவர் வாக்குக்குச் சம்மதம் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. கோமதிநாயகம் மேடையேறும் முன் உண்மையைச் சொன்னது சரி. தவறு அவர் விமான நிலையத்தில் செய்ததல்ல, பாண்டித்துரை வீட்டில் செய்தது. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அங்கே பயந்துபோய் விழுங்கிவிட்டார். கைபேசியில் பாண்டித்துரையும் அதைத்தான் சொன்னார்: "அது எப்படிலே முடியும்னு நீ சண்டைக்கு வருவே, அப்படியே ரெண்டு வார்த்தை பேசலாம்னு பாத்தேன். நீ பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டே." அன்றைக்குக் கோலாலம்பூரில் கச்சேரி கால்மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.