முப்பது வீரர்களும் ஓர் உளி வெட்டும்

வெகு காலத்துக்கு முன்னால், வெண்கோட்டை நாட்டில், ஆவணி பன்னிரண்டாம் நாள் காலையில், முப்பது வெள்ளி நாணயங்களைத் தரம் பார்க்க உட்கார்ந்தாள் நோட்டக்காரி குமுதவல்லி.

அவை சாதாரண நாணயங்கள் அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் கம்பீரவர்ம ராஜா ஒரு போரில் ஜெயித்தார். திரும்பாத வீரர்கள் முப்பது பேர். அவர்கள் நினைவாக முப்பது நாணயங்கள் அடித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஒரு பக்கம் ராஜாவின் முகம், மறுபக்கம் வேல் பிடித்த வீரன். உறவில்லாத ஒரு வீரனின் நாணயம் மட்டும் கருவூலத்தில் துணி சுற்றிக் கிடந்தது. வருஷா வருஷம் வெற்றி நாளில் எல்லா நாணயங்களும் அரண்மனை முற்றத்துக்கு வர வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் நாணயத்துக்குப் பட்டுப் பரிசு. போன இரண்டு வருஷமும் பரிசு கருவூலத்து நாணயத்துக்கே போனது. அதை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான் காரணம்.

குமுதவல்லியின் புருஷன் ஆனையப்பனும் அந்த முப்பது பேரில் ஒருவன். நாணயம் வீட்டுக்கு வந்த அன்று அவள் அழவில்லை. உளியை எடுத்து விளிம்பில் ஒரு வெட்டு வெட்டினாள். அந்த ராஜா செம்பின் மேல் வெள்ளி பூசிக் கொடுத்ததை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஆனால் இதில் உள்ளே முழுக்க வெள்ளிதான். வெள்ளி உண்மையானால் சாவுச் செய்தியும் உண்மையாகத்தான் இருக்கும் என்று அப்புறம்தான் அழுதாள்.

வரிசையில் முதலில் வந்தவள் கிழவி சடைச்சி. அவள் நீட்டிய நாணயம் கண்ணாடியாக மின்னியது.

“விபூதி போட்டுத் துலக்காதீங்கன்னு எத்தனை தடவைம்மா சொல்றது? கறுப்பு ஏறினா ஏறட்டும், அதுதான் காவல்.”

“வெள்ளிக்கிழமைன்னா வெள்ளியத் துலக்காம இருப்பாங்களா? என் மகன் சுடலை மூஞ்சி கறுத்துக் கிடக்கணுமாக்கும். நீ பட்டுப் பொடவைய அந்தக் கருவூலத்துக்கே உடுத்திவிடு போ.”

அவளுக்குப் பின்னால் ஒரு வயோதிகர் நின்றார். கையில் நாணயம் இல்லை.

“நான்தான் அம்மணி இதையெல்லாம் செய்த மந்திரவாதி” என்றார். “இவர்கள் சாகவில்லை. இனிமேல் போருக்கு வரமாட்டோம் என்று ராஜாவிடம் சொன்னார்கள். ராஜா என்னிடம் சொன்னார். நான் முப்பது பேரையும் வெள்ளியாக்கிவிட்டேன். இப்போது எனக்குச் சாகும் காலம். போட்ட மந்திரத்தை எடுக்காமல் என் உயிர் போகாது.”

“எடுத்துட்டுப் போங்களேன் பெரியவரே.”

“எடுக்க வேண்டியது நோட்டக்காரி. ஒவ்வொரு நாணயத்தின் குறையையும் உள்ளபடி உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் வருவான், அந்தக் குறையோடு. ஒரு குறையை மறைத்துப் பொய் சொன்னால் அவன் முழுசாக வருவான். மற்ற இருபத்தொன்பது பேரும் வெள்ளிக்கே போய்விடுவார்கள். பிறகு மீட்பு கிடையாது.”

குமுதவல்லி நம்பவில்லை. சோதித்துப் பார்க்கக் கருவூலத்து நாணயத்தை எடுத்தாள். “கீறல் இல்லை. தேய்மானம் இல்லை. அச்சில் அடித்தபடியே இருக்கிறது.”

உள்ளபடி சொன்னாள். உள்ளபடி வந்தான். காளிங்கன் என்ற வாலிபன், முழு ஆளாக முற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்தான். அவனைக் கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை.

சடைச்சி நோட்டக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “முகம் நல்லா இருக்குன்னு சொல்லு தாயீ. ஒரே ஒரு பொய்.”

“இன்னும் இருபத்தெட்டு வீடு இருக்கும்மா.” நாணயத்தை வெளிச்சத்தில் திருப்பினாள். “முகம் தேய்ந்திருக்கிறது. துலக்கித் துலக்கித் தேய்ந்தது.”

உள்ளபடி சொன்னாள். உள்ளபடி வந்தான். ஆற்றுக் கல் போல வழவழவென்ற முகத்தோடு சுடலை வந்தான். கண் இருந்தது, மூக்கு இருந்த தடம் இருந்தது. தாய் அந்த முகத்தைத் தடவினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது நாணயத்தை ஒரு சிறுமி கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அப்பாவைப் பிரியக் கூடாதென்று துளை போட்டுக் கயிற்றில் கோத்திருந்தாள். “வலது தோளில் துளை.” உள்ளபடி சொன்னாள். உள்ளபடி வந்தான். தோள் வழியே பின்சுவர் தெரிந்தது.

உச்சிப் பொழுதுக்குள் இருபத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். குழந்தை கடித்த பல் தடத்தோடு ஒருவன், பூஜைக் குங்குமம் அரித்த நெற்றியோடு ஒருவன். யார் வீட்டில் எவ்வளவு பாசமோ அவ்வளவு சேதம்.

கடைசி நாணயம் அவளுடையது.

சடைச்சி முன்னால் வந்து நின்றாள். “இப்ப உன் புருஷன். எம்மகனுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுவியா, பாக்குறேன்.”

குமுதவல்லி முற்றத்தில் நின்றவர்களைப் பார்த்தாள். முகம் தேய்ந்த சுடலை, தன் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் நாணயத்தை எடுத்தாள்.

“விளிம்பில் உளி வெட்டு. வேல் பிடித்த வலது கையில், மணிக்கட்டைத் தாண்டி இறங்கியிருக்கிறது. வெட்டியது நோட்டக்காரி.”

“கடைசி வாக்கியம் தேவையில்லையே அம்மணி” என்றார் மந்திரவாதி.

“குறை எப்படி வந்ததுங்கறதும் தரத்தில் சேர்த்தி.”

உள்ளபடி சொன்னாள். உள்ளபடி வந்தான். ஆனையப்பன் வலது கை இல்லாத மணிக்கட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“வெள்ளி சுத்தமா இருந்துச்சா?”

“சுத்தம்.”

“சந்தேகம் தீந்துச்சுல்ல” என்றான். அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவளோடு பேசவில்லை.

மந்திரவாதி முற்றத்துத் தூணில் சாய்ந்தார், அப்படியே உயிர் போனது. சத்தம் கேட்டு ராஜா வந்தார். முப்பது பேரையும் பார்த்ததும் ஒரு கணம் முகம் வெளுத்தது. பிறகு, தம் பக்திக்கு இரங்கித் தெய்வம் வீரர்களைத் திருப்பித் தந்ததாக அறிவித்தார். நடந்ததை வெளியே சொன்னால் தலை போகும் என்று மந்திரி ஆள் ஆளாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எல்லோருக்கும் பாயசம் ஊற்றினார்கள். நோட்டக்காரிக்கு அந்த வருஷத்துப் பட்டு கிடைத்தது. அவள் அதைச் சடைச்சியிடம் கொடுத்தாள். சடைச்சி வாங்கவில்லை.

குமுதவல்லி புருஷனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். அவன் இடது கையால் தானே எடுத்துத் தின்னப் பழகினான். ஒரு நாள், “உப்பு கம்மி” என்றான். அன்றிலிருந்து பேச்சு திரும்பியது, அதுவும் கொஞ்சமாக.

மறு வருஷம் ஐப்பசி நான்காம் நாள், ராஜா புதிய போருக்கு ஆள் எடுத்தார். முப்பது பேரையும் வரிசையில் நிறுத்தி உடம்பைச் சோதித்தார்கள். காளிங்கனை முதல் ஆளாக எடுத்தார்கள். வேல் பிடிக்க முகம் தேவையில்லை என்று சுடலையையும் எடுத்தார்கள். தோளில் துளை உள்ளவனையும் கை இல்லாத ஆனையப்பனையும் உதவாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.