வலது பக்கத்துப் பால்கனி

கப்பலில் எந்தப் பக்கத்து அறை எடுத்தால் நன்றாகப் பார்க்கலாம்? சென்னையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் உல்லாசக் கப்பலில் ஏறிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். தெற்கே போகும்போது வலது பக்கம் கரை, இடது பக்கம் சூரிய உதயம். எது பிடிக்குமோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். நாகூர் நைனா முகமதுவின் கதையைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி உண்டு, அப்போது நழுவக் கூடாது.

நைனா முகமது சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். மேல்தளத்தில் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது, கயிறு இழுப்பது, இப்படி. கப்பல் சென்னையிலிருந்து கொழும்புக்குக் கிளம்புமுன் மனைவி ஜுலைகாவுக்கு ஒரு தபால் போட்டுவிடுவார்: "வியாழக்கிழமை காலை நம் ஊரைத் தாண்டுவோம்." அன்று விடிந்ததும் ஜுலைகா மொட்டை மாடிக்குப் போய்ப் பச்சைப் புடவை ஒன்றைக் கொடியில் விரித்துப் போடுவாள். பகல் முழுக்க அது காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும். பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வரும்: "பச்சை தெரிந்தது. மனசு நிறைந்தது." ஒரு பயணம்கூடத் தவறியதில்லை. முதல் புடவை வெயிலில் நைந்து கிழிந்து, இன்னொன்று வாங்கி, அதுவும் வெளுத்துப் போனது.

வேலையை விட்டுப் பல வருஷமான பிறகு, அவர்களுடைய மகள் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உல்லாசக் கப்பலில் அனுப்பி வைத்தாள்.

"வலது பக்கந்தான் வேணும் மச்சான். நம்ம மாடி கடல்லேந்து எப்படித் தெரியுதுன்னு ஒரு தடவ நானும் பாத்துடணும்" என்று ஜுலைகா படித்துப் படித்துச் சொன்னாள். மனிதர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, மகளிடம் போனில் இடது பக்கம் என்று சொல்லிவிட்டார். கப்பலேறி அறைக்கு வந்த பிறகுதான் ஜுலைகாவுக்கு விஷயம் புரிந்தது. கோபத்தில் அறையை விட்டு வெளியே வந்து நடைவழியில் நின்றுகொண்டாள்.

எதிர் அறை வலது பக்கம். அதில் பொள்ளாச்சியிலிருந்து தனியாக வந்திருந்த தெய்வயானை இருந்தார், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். விஷயம் தெரிந்ததும், "அதுக்கென்னுங்க அக்கா, என்ற ரூமை எடுத்துக்குங்க. எனக்கு உதயம் பாத்தாப் போதும்" என்றார். ஜுலைகாவுக்கு முகம் மலர்ந்தது. நைனா முகமதுவுக்கு உயிரே போனது. டீச்சரைத் தனியாகப் பிடித்தார்.

"டீச்சரம்மா, குடுத்துடாதீங்க. கப்பலு கரைய விட்டு அம்பது மைலு தள்ளிப் போவும். ஊரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு தடவயும் வலது பக்கக் கம்பியப் புடிச்சிட்டு நிப்பேன். வெறுந்தண்ணிதான். அவ ஆசையாப் போடுறாளேன்னு தெரிஞ்சுதுன்னு எழுதிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. இத்தன வருசத்துப் பொய்யி. இப்பத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பாளா?"

டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏனுங்கண்ணா, திரும்பி வரும்போது கரை உங்க பக்கந்தானுங்களே வரும்? அப்ப என்ன பண்ணுவீங்க?"

இருபத்திரண்டு வருஷம் கடலில் திரிந்தவருக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள்! பயந்துவிட்டால் மனிதனுக்குத் திசைகூட மறந்துபோகிறது.

டீச்சர் வெகுநேரம் யோசித்தார். கொடுக்காவிட்டால் ஜுலைகாவுக்குத் துரோகம், கொடுத்தால் நைனாவின் மானம் போகும். கடைசியில் சாவியை ஜுலைகாவின் கையில் வைத்துவிட்டு, ரகசியத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை. வலது பக்கம் கடலும் வானமும் ஒரே வெளுப்பாகக் கலந்து கிடந்தன. எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. அலையே இல்லை. கப்பல் நகர்கிறதா, மிதந்தபடி தூங்குகிறதா என்றே சந்தேகம் வரும். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜுலைகா நின்றாள். முக்காடு மெல்லப் பறந்தது. பின்னால் சுவரோடு சுவராக நைனா முகமது. மணி ஏழானது, எட்டானது. ஊருக்கு நேரே வந்திருப்பார்கள். மூடுபனி விலகியது. அதற்குப் பின்னாலும் தண்ணீர்தான் இருந்தது. இனி தாங்காது, சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார்.

"ஜுலைகா, நான் உங்கிட்ட ஒண்ணு..."

அவள் திரும்பாமலே கையை நீட்டினாள். "தெரியுது மச்சான். அதோ பாருங்க, பச்சை."

நாகூரில் வீடு பூட்டிக் கிடந்தது. கொடியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. பூட்டிய நைனாவுக்கும் அது தெரியும், பக்கத்தில் நின்ற ஜுலைகாவுக்கும் தெரியும். அவர் மெல்ல வந்து அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். பார்த்து, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இப்போது சொல்லுங்கள். மனைவியின் மனம் நோகக் கூடாதென்று பொய் எழுதி, அது வெளிப்படாமலிருக்க இடது பக்கம் எடுத்தவர் நைனா முகமது. எல்லாம் தெரிந்தும் அறையைக் கொடுத்தவர் டீச்சர். இல்லாததைத் தெரிகிறது என்று சொன்னவள் ஜுலைகா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஜுலைகா செய்ததுதான் சரி. அவளை ஏமாந்தவள் என்று எண்ணியிருந்தால் ஒன்றை யோசியுங்கள். அந்த மாடியில் நின்று அவள் ஒரு நாளாவது அந்தக் கப்பலைப் பார்த்திருப்பாளா? அத்தனை பெரிய கப்பலே அவள் கண்ணில் படாதபோது, ஆறு கஜத் துணி அவர் கண்ணில் எப்படிப் படும்? முதல் கடிதம் வந்த அன்றே அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வருஷாவருஷம் புடவையை விரித்தாள். ஆகவே நைனா எழுதிய கடிதங்களில் குற்றமில்லை, இடது பக்கம் எடுத்ததுதான் குற்றம். அதை டீச்சர் சரிசெய்தார். எல்லாம் தெரிந்தவள் ஏன் வலது பக்கம் கேட்டாள் என்கிறீர்களா? ஒன்றுமே தெரியாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தன் புருஷன் எப்படி நின்றிருப்பார் என்று, ஒரு தடவை நின்று பார்க்கத்தான்.