ஆள்காட்டி எண்ணிய பத்தொன்பதாவது ஆள்

அந்தக் காலத்தில், பறவை பேசினால் மனிதர்கள் நின்று கேட்ட காலத்தில், ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் மெரிண்டா என்றொரு ஏரிக்கரை ஊர் இருந்தது. அந்த ஊர்க் கால்பந்து கிளப்புக்கு ஹெக்டர் கேப்டன். முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் பிடித்தும் ஆடுகிற ஆட்டம் அது. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். ஒரு கோலுக்கு ஆறு புள்ளி.

முந்தைய குளிர்காலத்தில் அக்கரைக்கு ஆடப் போனபோது படகு கவிழ்ந்தது. எல்லாரும் நீந்திக் கரையேறினார்கள், ஹெக்டரின் தம்பி அலிக்கைத் தவிர. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கிளப் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் கிளப்பைக் கலைத்துவிடுவது என்று ஊர் கூடி முடிவெடுத்தது.

அந்த ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தது. மெரிண்டா ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. அப்போது ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து மைதானத்தை விழுங்கியது. பந்து ஹெக்டரின் கையில். கோல் கம்பம் தெரியவில்லை.

"ஹெக்டர், இங்கே போடு!"

அலிக்கின் குரல். பனிக்குள் ஒருவன் கையைத் தூக்கி நின்றான். அவன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏரிக்கரைக் கோரையில் குடியிருந்த ஆள்காட்டிக் குருவி ஹெக்டரின் காலடிக்கு ஓடி வந்தது. "போடாதே. எண்ணிவிட்டேன், உன் பக்கம் பத்தொன்பது பேர். பந்தைக் கொடுத்தால் அவனை ஆட்டத்தில் சேர்த்ததாகிவிடும். மணி அடித்ததும் பதினெட்டுப் பேர்தான் வீடு திரும்ப முடியும்."

"அவன் என் தம்பி."

"தம்பிதான். மூச்சு விடுகிறானா, பார்."

ஹெக்டர் பார்த்தான். அந்தக் குளிரில் எல்லார் வாயிலிருந்தும் ஆவி வந்தது. அலிக்கின் வாயிலிருந்து வரவில்லை. தெரிந்தேதான் பந்தை அவனுக்கு உதைத்தான்.

அலிக் அதை மார்போடு அணைத்துப் பிடித்தான், திரும்பி உதைத்தான். பனிக்குள் எங்கோ கோல் என்று குரல் எழுந்தது. மணி அடித்தது. மெரிண்டா ஒரு புள்ளியில் ஜெயித்தது.

"ஒருவன் அதிகம்! ஒருவன் அதிகம்!" என்று ஆள்காட்டி அங்குமிங்கும் பறந்து கத்தியது. ஆரவாரத்தில் யார் காதிலும் விழவில்லை. கத்திக் கத்தி அதன் பேச்சே கிழிந்துபோனது.

அலிக் அண்ணனிடம் வந்தான். "குளிர்கிறது," என்றான்.

ஹெக்டர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டான். "நீ வீட்டுக்குப் போ. அம்மா ஒரு வருஷமாக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்." பிறகு ஏரிப் பக்கம் நடந்தான். தண்ணீர் முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. வியப்பாக, அது சில்லென்றே இல்லை.

பனி விலகியதும் எண்ணிப் பார்த்தார்கள். பதினெட்டுப் பேர். ஹெக்டர் இல்லை, அலிக் இருந்தான். கிளப் பிழைத்துவிட்டது.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: ஆள்காட்டி கோரையை விட்டு வந்து ஆட்ட மைதானத்தின் வெறுந்தரையில் முட்டையிடுகிறது; யார் உள்ளே காலெடுத்து வைத்தாலும், உயிருள்ளவர்தானா என்று தெரியும்வரை தலைக்கு மேலே கத்திக்கொண்டே பறக்கிறது.