கேட்டுக்கு வெளியே மேனேஜர்

பனியன் கம்பெனி மேனேஜர் தணிகாசலம் வாட்ச்மேன் மாசாணத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வெளிநாட்டுக்காரன் வர்றான். இங்கிலீஷ்ல 'கோ'வோட இன், அவுட், அப், டவுன் சேர்ந்தா என்ன அர்த்தம்? தெரியாதவனுக்கு நாளையிலிருந்து இங்க வேலை இல்ல."

"சொன்னா ஏறாதுங்க சார். செஞ்சு காட்டுனீங்கன்னா புடிச்சுக்குவேன்."

மேனேஜர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். படியேறி 'கோ அப்' என்றார். இறங்கி 'கோ டவுன்' என்றார். கேட்டைத் தாண்டி நின்று 'கோ அவுட்' என்றார். மாசாணம் கேட்டைச் சாத்தினார்.

"இப்ப கோ இன். திற."

"ஐடி கார்டு காட்டுங்க சார். கார்டு இல்லாம முதலாளியே வந்தாலும் விடாதேன்னு போர்டு வெச்சது நீங்கதானுங்களே."

கார்டு கோட்டுப் பையில் இருந்தது. வெயில் உறைத்தது. தெருமுனையில் வெளிநாட்டுக்காரரின் கார் திரும்பியது.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. கோட்டை எடுத்துட்டு வா."

"இதுதானுங்க கோ இன், சார்," என்று மாசாணம் கோட்டை எடுக்க உள்ளே நடந்தார்.