உப்புக் கரித்த நைவேத்தியம்

மலையடிவாரத்து மடத்தில் குருவான அடிகளுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் ஏகாம்பரத்துக்கு ஐம்பத்திரண்டு. இதை வைத்து ஊரில் சிலர் கேலி பேசுவதுண்டு. ஏகாம்பரம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவருக்குக் கவலைப்பட வேறு ஆயிரம் இருந்தன.

மடத்துக் கோயிலில் சிவனுக்கு நைவேத்தியம் சமைப்பது அவர் பொறுப்பு. படைப்பதற்கு முன் அதை நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது; வாசனைகூடப் பிடிக்கக்கூடாது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கண்ணளவும் கையளவுமாகத்தான் சமைக்க வேண்டும். நாலு வருஷமாக ஒரு பிசகும் வரவில்லை. அந்த நாலு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட அடுப்படியில் நிம்மதியாக நின்றதும் இல்லை.

அன்று காலை பொங்கலை இறக்கும்போது, உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. அதற்குள் பூஜை மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பதற்றத்தில் ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறி அனுப்பிவிட்டார்.

பூஜை முடிந்ததும் பானையில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்தார். கடல் தண்ணீர் தேவலை.

மாற்று வேட்டியை மூட்டை கட்டினார். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடலாம் என்று பின்வாசல் வரை போனார். அங்கேதான் நினைவு வந்தது, முதல் பிரசாதம் எப்போதும் அடிகளுக்குத்தான் போகும். அவர் வாயில் வைப்பதற்குள் தடுக்க வேண்டாமா? மூட்டையோடு திரும்பி ஓடினார்.

அடிகள் கூடத்தில் இலை முன் உட்கார்ந்திருந்தார். முதல் கவளம் உள்ளே போய்விட்டது.

"சாமி, துப்பிடுங்க! உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன்."

"தெரியுது" என்றார் அடிகள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.

"இதைப் போய் ஆண்டவனுக்குப் படைச்சிட்டேனே. என்ன செய்வாரோ!"

"என்ன செய்வார்?"

ஏகாம்பரம் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நேத்து பிரசங்கத்துல சொன்னீங்க, ஆண்டவன் நமக்கு அப்பன்னு. கேட்டவங்க எல்லாருக்கும் கண் கலங்கிச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிச்சு சாமி."

"ஏன்?"

"எங்க அப்பா, உப்பு கூடினாலும் குறைஞ்சாலும் தட்டைத் தூக்கிச் சுவத்துல அடிப்பார். அம்மா அழுதுகிட்டே கூட்டி அள்ளுவாங்க. அம்மாவுக்கு உடம்புக்கு முடியலைன்னு ஒரு தடவை நான் சமைச்சேன். அப்போ எனக்குப் பத்து வயசு."

அவர் இடது முழங்கையைத் தடவிக்கொண்டார். அது முறிந்து சரியாகக் கூடாமல் கொஞ்சம் கோணியிருந்தது.

"இங்க படையல் வச்சுத் திரை போட்டதும் எனக்கு அவர் முகம்தான் தெரியும். தட்டு பறந்து வருமோன்னு பயந்துகிட்டே நிப்பேன்."

"இப்ப இருக்காரா?"

"செத்து முப்பது வருஷம் ஆச்சு."

அடிகள் தொடர்ந்து சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார். இலையை மடித்தபோது அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. உப்பினாலா, வேறு எதனாலா என்று ஏகாம்பரத்துக்குத் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம்தான் கூடியது.

"நான் போயிடறேன் சாமி. வேற யாரையாவது வச்சுக்குங்க. ஆண்டவனுக்குச் சமைக்க இனிமே எனக்குத் தைரியம் இல்ல."

"ஆண்டவனுக்கு நீங்க எப்ப சமைச்சீங்க?"

"நாலு வருஷமா தினமும் அவருக்குத்தானே சாமி சமைக்கிறேன்?"

அடிகள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஏகாம்பரத்தின் கக்கத்திலிருந்த மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தார்.

"சந்நிதியில உக்காந்திருக்கிற உங்க அப்பாவை எழுப்பி அனுப்பிட்டு, உச்சிகாலப் பூஜைக்கு உலை வைங்க ஏகாம்பரம். என் அப்பன் நாலு வருஷமாப் பட்டினி கிடக்கான்."