மூட்டை மட்டும் போன பயணம்

முன்னொரு காலத்தில், மேற்கு மலையடிவாரத்துச் செம்பாறைக்கோட்டையை வீரசெண்பகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். புலி வந்தால் எதிரே போய் நிற்பான். பல்லி சொன்னால் போர்வைக்குள் புகுந்துகொள்வான். அப்படி ஒரு தைரியசாலி!

அவனுக்கு ஒரே மகள், மரகதவல்லி. நான்கு நாள் வழி தள்ளி, மேற்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளிடமிருந்து ஓலை வந்தது. "அப்பா, எனக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரத்தான் ஆசை. பல்லக்கு ஆட்டம் ஆகாது என்கிறாள் மருத்துவச்சி. அம்மாவும் இல்லை. நீங்களாவது வந்து பக்கத்தில் இருங்கள்."

ராஜா ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கையோடு நாகலிங்க ஜோசியரைக் கூப்பிட்டான். கெட்டது காரியம்!

ராஜா வெளியூர் போனால் முத்திரை மோதிரம் மந்திரி அம்பலவாணர் கைக்குப் போகும். அது ஜோசியருக்கு வேப்பங்காய். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம் என்றார். மற்ற நாளெல்லாம் பூனை, தும்மல், ஒற்றைக் காக்கை என்று ஏதாவது ஒன்று. கடைசியில், "பரஸ்தானம் வைத்துவிடுவோம் மகாராஜா" என்றார்.

பரஸ்தானம் என்றால் வேறொன்றுமில்லை. நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், அவருடைய துணிமூட்டையை அந்த நேரத்தில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மூட்டை மந்திரி வீட்டுக்குப் போயிற்று. "ராஜா பயணம் புறப்பட்டார்" என்று தண்டோராவும் போட்டார்கள். ராஜாவோ அரண்மனை ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தான். சில நாளில் கெடு தீர்ந்து மூட்டை திரும்பி வரும், மறுபடி போகும். இப்படி இரண்டு தடவை ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அகராதி எழுதுகிற பெர்க்கின்ஸ் துரை சபைக்கு வந்தார்.

"எங்கள் பாஷையில் 'டிராவல்' என்று ஒரு வார்த்தை. மனிதன் ஊர்விட்டு ஊர் போனால் டிராவல். வெளிச்சம் போனாலும் டிராவல். வதந்தி பரவினாலும் டிராவல்தான். நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

ஜோசியர் முந்திக்கொண்டார். "கோயில் குளத்துக்குப் போனால் யாத்திரை. படையோடு போனால் தண்டயாத்திரை. மற்றபடி போனால் பயணம், பிரயாணம்."

துரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வெளியே தண்டோரா முழங்கியது.

"அது என்ன சத்தம்?"

"ராஜா பயணம் போகிறார்" என்றார் ஜோசியர். மூன்றாவது தடவையாக மூட்டை போய்க்கொண்டிருந்தது.

துரை ஜன்னல் வழியே மூட்டையைப் பார்த்தார். திரும்பிச் சிம்மாசனத்தில் இருந்த ராஜாவைப் பார்த்தார். "மன்னிக்கவும். இந்த மாதிரிப் போவதற்கு எங்களிடம் வார்த்தை கிடையாது" என்றார்.

ராஜா முகம் சுண்டிப்போயிற்று. சபை கலைந்ததும் மந்திரியை மட்டும் இருக்கச் சொன்னான்.

"மந்திரி, மரகதவல்லியோட அம்மா சாமி கும்பிட்டு வரேன்னு, நேரம் காலம் பார்க்காம சிரிச்சுக்கிட்டேதான் கிளம்பினா. வழியிலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துட்டா. நான் கெட்ட நேரத்துல பயணம்னு வாசலைத் தாண்டி, அதனால எம்பொண்ணுக்கு ஏதாவது ஆயிட்டா? நான் என்ன பண்ணுவேன்?"

மந்திரி யோசித்தார். மூட நம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம்தான். பயத்தைத் திட்டித் துரத்தினவர் யார்? அது வந்த வழியாகவேதான் அதை அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ராஜா ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பினால், கோட்டைக் கதவு சாத்திக்கிடந்தது. காவலன் வேலைக் குறுக்கே நீட்டினான்.

"ராஜா ஊர்ல இல்லீங்க. பயணம் போயிருக்காரு."

"அடேய்! நான் யாருன்னு தெரியுதா?"

"பார்த்தா ராஜா மாதிரிதான் இருக்கு. ஆனா அவர் புறப்பட்டுட்டார்னு நேத்துத் தண்டோரா போட்டாங்களே!"

ராஜா வாளை உருவினான். மந்திரி நடுவில் வந்து நின்றார். "மகாராஜா, நான் சொல்லித்தான் செய்தான். வெட்டுவதானால் என்னை வெட்டுங்கள்."

பின்னாலேயே ஓடிவந்த ஜோசியர் குதித்தார். "அபசாரம்! மூட்டை போனால் ராஜா போனதாகிவிடுமா?"

"ஆகாதா? அப்படியென்றால் மூன்று தடவை ஊரைக் கூட்டி வைத்தீரே, அதெல்லாம் பொய்யா?" என்றார் மந்திரி.

ஜோசியர் உளறினார். "பொய்யென்று யார் சொன்னது? சாஸ்திரம் மெய்தான், பயணம் மெய்தான்..."

"மெய்யென்றால் ராஜா இப்போது பாதி வழியில் இருக்கிறார். வழியில் இருப்பவருக்குக் குறுக்கே நிற்பதுதான் அபசகுனம். ஒதுங்கும் ஐயா!"

மந்திரி ராஜா பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது.

"மகாராஜா, நீங்க நேத்து நல்ல நேரத்துலயே கிளம்பிட்டீங்க. வாசலையும் தாண்டியாச்சு. கிளம்பறதுக்குத்தான் பஞ்சாங்கம், போய்ச் சேர்றதுக்கு இல்லை. உங்க பொண்ணு அங்கே வழியைப் பார்த்துக்கிட்டு இருக்கா."

ராஜா தன் காலடியைப் பார்த்தான். நிஜமாகவே வாசலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. முதலில் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முத்திரை மோதிரத்தைக் கழற்றி மந்திரி விரலில் போட்டு, அவரை இழுத்து அணைத்துக்கொண்டான்.

"மூட்டையைக் கொண்டுவாங்க. சாஸ்திரம் தெரிஞ்சவர் தலையில வையுங்க. நாலு நாளும் அவரே சுமந்து வரட்டும்!"

நாலு நாள் வழியை ராஜா மூன்றே நாளில் கடந்தான். குதிரை நுரை தள்ள அவன் போய் இறங்கியபோது மரகதவல்லிக்கு வலி கண்டிருந்தது. ஆண்கள் அந்த அறைக்குள் போகும் வழக்கமில்லை. புழுதிக் காலோடு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எந்தத் திசை, எந்த நேரம் என்று யாரையும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வலிக்கும் நடுவில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

பேத்தி பிறந்து அழும்வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தான்.