வருகைப் பதிவில் இல்லாத பாறு

மூங்கில்மடுக் காட்டில் பாறுகள் நிறைய இருந்த காலத்தில் அவற்றை யாருக்கும் பிடிக்காது.

"மொட்டைத் தலை! பிணந்தின்னிக் கழுகு! காலையில் இதன் முகத்தில் விழித்தால் போன காரியம் விளங்குமா?" என்று மயில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குரங்குகள் குச்சியை எறியும். பாறுகள் தம் வேலையைப் பார்க்கும். எங்கே எது செத்துக் கிடக்கிறதோ அங்கே இறங்கும். எலும்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிட்டுப் போய்விடும். காட்டில் நாற்றம் இல்லை, நோய் இல்லை. அது யாரால் என்று யோசிக்க ஒருவருக்கும் நேரம் இல்லை.

பிறகு ஊருக்குள் மாடுகளுக்கு வலி தீர ஓர் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஊசி போட்ட மாடுகள் செத்தபோது பாறுகள் வழக்கம்போல் தின்றன. மாட்டின் வலியைத் தீர்த்த மருந்து பாறுகளின் குலத்தையே தீர்த்துவிட்டது. மரத்துக்கு மரம் செத்து விழுந்தன. காட்டில் ஒருவர்கூட அழவில்லை. மயில் அன்றும் தோகை விரித்து ஆடியது.

அடுத்த கோடை வந்தது. ஆறு வற்றினால் அந்தக் காட்டுக்கு மூங்கில்மடு ஒன்றுதான் தண்ணீர். மடுக்கரையில் ஒரு கிழட்டுக் காட்டெருமை செத்து விழுந்தது. கேட்பாரில்லாமல் அழுகித் தண்ணீருக்குள் வழிந்தது. குடித்தவர்களுக்கெல்லாம் கழிச்சல். சிட்டாள் என்ற புள்ளிமானின் குட்டி மூன்றாம் நாள் எழுந்திருக்கவே இல்லை. அதோடு இன்னும் பதினோரு குட்டிகள் போயின.

அப்போதுதான் எல்லோருக்கும் பாறுகள்மேல் பாசம் பொங்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

இரண்டு கோடை கழித்து, அந்த ஊசியை நிறுத்திவிட்டு, மனிதர்கள் ஆறு இளம் பாறுகளைக் கொண்டுவந்தார்கள். கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தவை. மலைவிளிம்பில் பெரிய கூண்டு கட்டி, சில மாதம் அங்கேயே பழக்கினார்கள். ஒரு காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகிப் போனார்கள். இரண்டு பேர் மட்டும் எதிர் மேட்டில் ஒரு நீளக் குழாயை நட்டுக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தார்கள்.

"மனிதன் கதவைத் திறந்துவிட்டான்! இனி இவர்களைக் காப்பது நமது தலையாய கடமை!" என்று முழங்கினார் கடமானார்.

கடமானாருக்குக் கொம்பு பெரிது. அந்தக் காட்டில் தலைமைக்கு வேறு தகுதி யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர். அன்றைக்கே பாறு காப்புச் சபை உண்டாயிற்று. அவரே தலைவர். மயிலுக்கு வரவேற்புப் பொறுப்பு. பாறுகளைக் கண்காணிக்கும் வேலை ஆள்காட்டிக் குருவிக்குப் போயிற்று. ஆள்காட்டி நாள் முழுக்கத் தரையிலேயே திரிகிற பறவை. இலை விழுந்தாலும் "யாரது? யாரது?" என்று கத்தும். வானத்தில் பறப்பவர்களைக் கண்காணிக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா!

சபை விதி இதுதான். தினமும் வெயில் ஏறும் நேரத்தில் ஆறு பாறுகளும் தட்டைப் பாறையில் வந்து உட்கார வேண்டும். ஆள்காட்டி பெயர் கூப்பிடும். வந்தவர்களுக்கு ஈரமண்ணில் ஒரு கோடு கிழிக்கும். வருகைப் பதிவு முடிந்ததும் இரண்டு நரிகள், புலி விட்டுப்போன இறைச்சியை அங்கே சுமந்துவந்து போடும். சோறு கிடக்கும் இடத்துக்கு ஆளைப் போகவிடாமல், ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சோற்றைச் சுமந்த புத்திசாலிகள்!

ஏன் வெயில் ஏறும் நேரம்? தலைவர் அதற்குமுன் எழுந்திருக்கமாட்டார்.

பாறுக்கு அந்த நேரம் என்ன நேரம் தெரியுமா? பாறு கனத்த பறவை. சிறகை அடித்து அடித்து அதனால் வெகுதூரம் போக முடியாது. வெயில் பட்டுப் பாறை சுட்டதும் சூடான காற்று மேலே கிளம்பும். அந்தக் காற்றில் சிறகை விரித்தால் போதும், வானம் வரைக்கும் அதுவே தூக்கிக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்துத்தான் அவற்றை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தபின் வயிறு முட்டத் தின்னவும் வைத்தார்கள். வயிறு முட்டிய பாறு எங்கே பறப்பது?

"மொட்டையன்!"

"இருக்கேன்!"

"வெள்ளச்சி!"

"இருக்கேன். ஆனா, அக்கா, காத்து மேலே இழுக்குது. ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டு வந்துடறேனே!"

"உக்காரு! பேர் கூப்பிடறப்ப எவளாவது பறப்பாளா? கோடு வேணுமா வேணாமா?" என்று ஆள்காட்டி கத்தியது.

முதுகில் வெள்ளைப் பட்டை உள்ள வெள்ளச்சி எட்டு நாள் பொறுத்தது. ஒன்பதாம் நாள் காற்று கிளம்பியபோது, பாறை விளிம்புக்கு நடந்து போய்ச் சிறகை விரித்தது. அவ்வளவுதான். ஆள்காட்டி அண்ணாந்து கத்திக்கொண்டே இருக்க, அது புள்ளியாகி மறைந்தது.

அன்று வெள்ளச்சி திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. அது போன பத்தாம் நாள் கடமானார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்மானம் படித்தார். "நமது அருமைச் செல்வி வெள்ளச்சி மறைந்துவிட்டாள் என்பதை ஆழ்ந்த துயரத்தோடு பதிவு செய்கிறோம். எஞ்சிய ஐவரும் நூற்றுக்கு நூறு வருகை! இது சபையின் மாபெரும் வெற்றி!"

ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த மொட்டையனுக்குப் பிரண்டை மாலை போட்டார்கள். மொட்டையன் மாலையில் இறைச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தது.

செத்துப்போனதாக எழுதப்பட்ட வெள்ளச்சிக்கு முதல் நான்கு நாள் பட்டினி. ஐந்தாம் நாள் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு பாறு செங்குத்தாக இறங்குவதைப் பார்த்துத் தானும் இறங்கியது. அங்கே ஒரு செத்த மான். சுற்றிலும் முப்பது காட்டுப் பாறுகள். ஊசிக்குத் தப்பிய கூட்டம் அது. யாரும் பெயர் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஒரு நடுப்பகலில் அது மூங்கில்மடுவின் மேலே வட்டமிட்டது. முதலில் கண்டது சிட்டாள். அந்த வருடம் அதற்கு மறுபடி ஒரு குட்டி பிறந்திருந்தது. ஓடிப்போய் ஆள்காட்டியிடம் சொன்னது.

"அக்கா! செத்துப்போச்சுன்னு எழுதினீங்களே, வெள்ளச்சி மேலே பறக்குது பாருங்க!"

"பாறை மேல உக்காந்தாத்தான் கணக்கு. மேலே பறக்கறதெல்லாம் எனக்குத் தெரியாது. அண்ணாந்து பார்த்தா எனக்குக் கழுத்து வலிக்கும்."

"எதிர் மேட்டில இருக்கிற மனுசங்களைப் பாருங்க. குழாயை வானத்துப் பக்கம்தானே திருப்பி வெச்சிருக்காங்க!"

"அவங்க வேலை தெரியாதவங்க," என்றது ஆள்காட்டி.

சித்திரை பிறந்தது. ஆறு காய்ந்து மணலானது. மடு சுருங்கிப் பாதியாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய காட்டெருமை மடுவின் தலைமாட்டில் சாய்ந்து உயிரைவிட்டது. பாதி உடம்பு கரையில், பாதி சேற்றில். மறுநாள் காலையில் அதன் வயிறு உப்பிக் கிடந்தது.

சிட்டாளின் குட்டி தண்ணீருக்கு இழுத்தது. சிட்டாள் குறுக்கே நின்று மறித்தது. குட்டி கத்தியது. போன குட்டியும் இப்படித்தான் கத்தியது. சிட்டாள் நேராகச் சபைக்கு ஓடித் தலைவரை எழுப்பியது.

"தலைவரே! வயிறு வெடிச்சு மடுவுக்குள்ள வழியறதுக்கு முன்னால யாரையாவது அனுப்புங்க! இன்னைக்கு ஒரு பகல்தான் இருக்கு!"

"அஞ்சேல்! நமது ஐவர் படை எதற்கு இருக்கிறது?" என்று கடமானார் நெஞ்சை நிமிர்த்தினார். சபை முழுவதும் தட்டைப் பாறைக்குப் போயிற்று.

"வீரர்களே! மடுவை நோக்கிப் பறந்து செல்லுங்கள்!"

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காட்டெருமையா? சரி, கொண்டு வாங்க," என்றது மொட்டையன்.

"கொண்டு வருவதா! அதை யாரால் தூக்க முடியும்?"

"துண்டு போட்டுக் கொண்டு வாங்க. தினமும் அப்படித்தானே! இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?"

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து! கடமானார் கெஞ்சினார், அதட்டினார். கடைசியில் மொட்டையன் சலித்துக்கொண்டே சிறகை நாலு தரம் அடித்தது. பாறையிலிருந்து எழும்பி, பத்தடி தள்ளி ஈச்சம்புதரில் தலைகுப்புற விழுந்தது. நரிகள் மடுவுக்கு ஓடிக் காட்டெருமையைக் கடித்துப் பார்த்தன. தோலில் பல் இறங்கவில்லை.

"ஒன்று செய்யலாம். இதுபற்றி விரிவாக ஆராய ஒரு கூட்டம் போடலாம்," என்றது மயில்.

அவர்கள் கூட்டம் போட உட்கார்ந்தபோது, வெயில் ஏறி, காற்று கிளம்பியது. வெகு உயரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அது சிறகை மடக்கிக் கல் விழுவதுபோல் மடுக்கரையில் வந்து இறங்கியது. வெள்ளச்சி! அது யாரையும் குரல் கொடுத்துக் கூப்பிடவில்லை. அது இறங்குவதைப் பார்த்து ஒன்று இறங்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் முப்பது பாறுகள். கடைசியாகச் செந்தலைப் பாறு ஒன்று வந்தது. தடித்த தோலைக் கிழிக்கும் அலகு அதற்குத்தான் உண்டு.

செந்தலை அலகை ஓங்கியது. அதற்குள் ஆள்காட்டி அலறிக்கொண்டு ஓடிவந்தது.

"யாரது? யாரது? பட்டியல்ல இல்லாதவங்க! நிறுத்துங்க! தலைவரே, முப்பது பேர் பேரே இல்லாம வந்திருக்காங்க! இன்னொருத்தி செத்தவ!"

கடமானார் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்துவந்தார். காட்டுப் பாறுகள் மிரண்டு பின்வாங்கின. இரண்டு மூன்று சிறகை விரித்துக் கிளம்பியும்விட்டன.

"வெள்ளச்சி! நீ மறைந்துவிட்டதாகச் சபை தீர்மானித்திருக்கிறது. அதை ரத்து செய்யாமல் நீ இங்கே இறங்கியது விதிமீறல்! முதலில் எல்லோரும் பாறைக்கு வந்து பெயரைப் பதியுங்கள். அப்புறம் பார்க்கலாம்!"

"அப்புறமா? வயிறு வெடிக்கப் போகுது, பாருங்க!" என்றது வெள்ளச்சி.

சிட்டாள் குட்டியை விட்டுவிட்டு வந்து கொம்புக்கும் பாறுகளுக்கும் நடுவில் நின்றது. கடமானாரின் பாதி உயரம்கூட இல்லை. குரல் மட்டும் பெரிதாக வந்தது.

"உங்க பட்டியலை நீங்க குடிங்க! என் குட்டிக்குத் தண்ணி வேணும்!"

சுற்றி நின்ற மான்களும் முயல்களும் பன்றிகளும் ஒரே நேரத்தில் ஓரடி முன்னால் வந்தன. கடமானார் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பெரிய கொம்பை மெல்லத் தூக்கிக்கொண்டு, ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்போல் புதருக்குள் போனார்.

செந்தலை தோலைக் கிழித்தது. முப்பது அலகுகள் இறங்கின. சாயங்காலம் மடுக்கரையில் எலும்புதான் கிடந்தது. கூடு தனி, தலை தனி. தண்ணீரில் ஒரு சொட்டு அழுகல் சேரவில்லை. சிட்டாளின் குட்டி முழங்கால் வரை இறங்கி, மூச்சு விடாமல் குடித்தது.

மறுநாள் சபை கூடி, 'சபையின் அயராத முயற்சியால் மடு காப்பாற்றப்பட்டது' என்று தீர்மானம் போட்டது. கூடவே பெருந்தன்மையோடு வெள்ளச்சி உயிரோடு இருப்பதாகவும் ஒப்புக்கொண்டது. "நாளை முதல் வெயில் ஏறும்போது பாறைக்கு வந்துவிடு," என்று ஆள்காட்டி சொல்லியனுப்பியது.

"அந்த நேரத்துல எனக்கு வேலை இருக்கு," என்று வெள்ளச்சி பதில் அனுப்பியது.

அதோடு நரிகளும் சுமப்பதை நிறுத்திக்கொண்டன. "கிடக்கிற இடத்துக்கே வந்து தின்னுட்டுப் போறவங்க இருக்காங்க. எங்க முதுகு எதுக்கு ஒடியணும்?" என்றன. ஐவரும் பாறையில் உட்கார்ந்து வழியைப் பார்த்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். வயிறு காய்ந்தது, உடம்பு லேசாயிற்று. நான்காம் நாள் அவர்களில் சிறியது தற்செயலாக விளிம்புப் பக்கம் போய்ச் சிறகை விரித்துச் சோம்பல் முறித்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"நாலு!" என்று பதறியது ஆள்காட்டி.

பிறகு மூன்று. பிறகு இரண்டு. மாலை வாங்கிய மொட்டையன்கூட ஒரு நாள் பசி தாங்காமல் விளிம்புக்கு நடந்தது. இந்தத் தடவை புதரில் விழவில்லை.

அன்று ஆள்காட்டி வெறும் பாறையைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டது. ஈரமண்ணில் ஒரு கோடுகூட இல்லை.

"போச்சு! எல்லாரும் போயிட்டாங்க! நம்ம திட்டமே தோத்துப்போச்சு!" என்று வாயில் அடித்துக்கொண்டது.

கடமானார் தழுதழுத்த குரலில் சபையைக் கலைத்தார். மயில் விம்மியது. எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூடி மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அந்தக் குனிந்த தலைகளின் மேல் ஒரு நிழல் ஓடியது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று என்று ஆறு நிழல்கள் வட்டமிட்டுப் போயின. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

உழைக்க வேண்டியவரை எதிரில் உட்காரவைத்து எண்ணிக்கொண்டிருப்பவன், அவரையும் கெடுப்பான், வேலையையும் கெடுப்பான்.